சாவி யார் கையில் இருக்கிறது?

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். புனேயில் போசரி தொழிற்பேட்டையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். அரசு அலுவலகங்களுக்கு இரும்பு ரேக்குகள் செய்துகொடுப்பதுதான் அவர் வியாபாரத்தில் பாதி.

"சார், நான் கையெழுத்தே போடாத டெண்டருக்கு நான்தான் போட்டேன்னு சொல்லுதாங்க. நீங்க பேங்க்ல இருந்தவர். இது எப்படின்னு சொல்லுங்க" என்றார்.

நடந்தது இதுதான். ஓர் அரசுத் துறை 240 ரேக்குகளுக்கு இணையம் வழியாக டெண்டர் கேட்டிருந்தது. இத்தகைய டெண்டர்களைக் கூலிக்கு ஏற்றித் தரும் ஒருவரிடம் நண்பர் வேலையை ஒப்படைத்திருந்தார். விரல் நீளத்தில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் மூன்று வருடமாக அவர் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. நண்பர் சொன்ன விலை ரேக் ஒன்றுக்கு 8,450 ரூபாய். அங்கிருந்த பையன் தட்டியது 4,850. டெண்டர் திறந்ததும் நண்பரே மிகக் குறைந்த விலைக்காரர்! 20,28,000 ரூபாய்ச் சரக்கை 11,64,000 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும். முடியாது என்று எழுதினார். சிறுதொழில் பதிவு இருந்ததால் அவர் முன்பணம் கட்டவில்லை. அதற்குப் பதிலாக, 'பின்வாங்கினால் ஓராண்டு இத்துறையின் டெண்டர்களில் கலந்துகொள்ள எனக்கு உரிமையில்லை' என்ற உறுதிமொழி இணைக்கப்பட்டிருந்தது. அந்த உறுதிமொழியிலும் அதே டோக்கன்தான் கையெழுத்துப் போட்டிருந்தது. துறை அதன்படியே ஓராண்டு தடை விதித்துவிட்டது.

நண்பருக்கு அன்று வாயால் சொன்னதைக் கேட்ட நம் இதழாசிரியர், அதையே எழுதிக் கொடுங்கள் என்றார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். முப்பத்திரண்டு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன். ஆனால் இந்த டிஜிட்டல் கையெழுத்து விவகாரத்தைப் புரிந்துகொள்ள, பழைய வங்கி வேலை எனக்கு மிகவும் உதவியது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் காலத்தில் ஊர்விட்டு ஊர் அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டுமென்றால் தந்திதான். நாக்பூர் கிளையிலிருந்து எங்களுக்குத் தந்தி வரும்: இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும். தந்தி ஆபீசில் போய் யார் வேண்டுமானாலும் அப்படி ஒரு தந்தி கொடுக்கலாமே, நாங்கள் எப்படி நம்புவது? அதற்காக ஒரு சங்கேதப் புத்தகம் இருந்தது. தேதிக்கு ஓர் எண், தொகைக்கு ஓர் எண், கிளைக்கு ஓர் எண் என்று பார்த்துக் கூட்டி, வந்த மொத்தத்தைத் தந்தியின் முகப்பில் போட்டிருப்பார்கள். நாங்களும் எங்கள் புத்தகத்தைப் பார்த்துக் கூட்டுவோம். கணக்கு ஒத்துப்போனால் பணம், இல்லையென்றால் இல்லை. வழியில் யாராவது ஐயாயிரத்தை ஐம்பதாயிரமாக்கினால் கூட்டல் இடித்துவிடும். அந்தப் புத்தகம் இரட்டைச் சாவிப் பெட்டியில் இருக்கும். இரண்டு அதிகாரிகள் சேர்ந்தால்தான் எடுக்க முடியும்.

நல்ல முறைதான். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, புத்தகம் எல்லாக் கிளைகளிலும் இருக்க வேண்டும். ஒரு கிளையில் களவுபோனால் எல்லாக் கிளைகளுக்கும் மாற்ற வேண்டும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. நாக்பூர்க்காரர் போடக்கூடிய எண்ணை என்னாலும் போட முடியும். என்னிடமும் அதே புத்தகம்தானே இருக்கிறது! 'நாங்கள் அனுப்பவே இல்லை' என்று நாக்பூர் சாதித்தால், நான் கோர்ட்டில் எதைக் காட்டி நிரூபிப்பேன்? இருவருக்கும் பொதுவான ரகசியம், அந்த இருவருக்குள் நம்பிக்கை தரும். மூன்றாமவர் முன்னால் செல்லாது.

இந்த முடிச்சை அவிழ்த்த ஆண்டு 1976. அமெரிக்காவில் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர், பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி என்று வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார்கள். மறு ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் அதற்கு ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்.எஸ்.ஏ. என்பார்கள். (பிரிட்டிஷ் உளவுத்துறையில் கிளிஃபோர்ட் காக்ஸ் என்பவர் 1973லேயே இதே கணக்கைப் போட்டிருந்தார். அரசாங்க ரகசியம் என்பதால் 1997 வரை வெளியே வரவில்லை. பாவம்.)

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கால்குலேட்டர் ஒன்று போதும். பேரப்பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்து பாருங்கள். 3, 11 என்ற இரண்டு பகா எண்களை எடுத்துப் பெருக்கினால் 33. இந்த 33ஐயும், 3 என்ற எண்ணையும் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறேன். இவை இரண்டும் சேர்ந்தது என் பொதுச் சாவி. 7 என்ற எண்ணை யாருக்கும் சொல்வதில்லை. அது என் தனிச் சாவி.

நீங்கள் எனக்கு 4 என்ற எண்ணை ரகசியமாக அனுப்ப வேண்டும். 4ஐ மூன்று தடவை பெருக்குங்கள்: 64. அதை 33ஆல் வகுத்தால் மீதி 31. அந்த 31ஐ அனுப்புகிறீர்கள். வழியில் பார்ப்பவனுக்கு 31தான் தெரியும். நான் 31ஐ ஏழு தடவை பெருக்குகிறேன். 2751 கோடியே 26 லட்சத்து 14 ஆயிரத்து 111 வரும். 33ஆல் வகுத்தால் மீதி 4! பூட்டியது ஊரறிந்த சாவி. திறந்தது என்னிடம் மட்டும் உள்ள சாவி.

இப்போது இதையே திருப்பிப் போடுவோம். நான் 4 என்ற செய்திக்குக் கையெழுத்துப் போட வேண்டும். 4ஐ ஏழு தடவை பெருக்கினால் 16384. 33ஆல் வகுத்தால் மீதி 16. '4, கையெழுத்து 16' என்று அனுப்புகிறேன். நீங்கள் 16ஐ மூன்று தடவை பெருக்குங்கள்: 4096. 33ஆல் வகுத்தால் மீதி 4. சரியாக இருக்கிறது. நடுவில் யாராவது 4ஐ 5 ஆக்கியிருந்தால் ஒத்துப்போகாது. அந்த 16ஐ உண்டாக்க 7 வேண்டும். 7 என்னிடம் மட்டுமே இருக்கிறது. ஆகவே போட்டவன் நான்தான். என் தந்திப் புத்தகத்தால் முடியாத காரியம் இங்கே முடிந்துவிட்டது. சரிபார்க்கிறவரால் கையெழுத்தைப் போட முடியாது. அதனால் போட்டவர் மறுக்கவும் முடியாது.

'33 என்று சொன்னால் 3, 11 என்று குழந்தைகூடப் பிரித்துவிடுமே, பிறகு 7ஐக் கண்டுபிடிப்பது பெரிய காரியமா?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் நிஜமான சாவிகளில் அந்த எண் 600 இலக்கங்களுக்கும் மேல் போகிறது. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று சொல்வது கம்ப்யூட்டருக்குச் சுலபம். அதற்கு ஓர் அழகான முறையை 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் தந்தார்கள். ஆனால் பெரிய எண்ணைப் பிரித்து இரண்டு காரணிகளைக் காண்பது மகா கஷ்டம். 1977இல் சவாலாக விடப்பட்ட 129 இலக்க எண் ஒன்றை 1994இல்தான் பிரிக்க முடிந்தது. அதற்கு இணையம் வழியாகச் சுமார் 600 பேர் கூடி உழைக்க வேண்டியிருந்தது. குவாண்டம் கணிப்பொறி பெரிதாக வளர்ந்தால் இந்தப் பூட்டும் உடையும் என்பதால், அதற்குத் தாங்கும் புதிய முறைகளை அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அது வேறு கதை.

நிற்க. டெண்டர் என்பது ஓர் எண் மட்டுமல்லவே, பக்கம் பக்கமாக இருக்குமே? அதற்கு முதலில் முழு ஆவணத்தையும் கம்ப்யூட்டர் ஒரு சாரமாகப் பிழிந்துவிடுகிறது. ஆவணம் ஒரு வரியானாலும் ஓராயிரம் பக்கமானாலும், எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் பிழிந்தால் 64 எழுத்து நீளத்தில்தான் சாரம் வரும். ஆவணத்தில் ஒரு புள்ளி மாறினாலும் சாரம் முழுவதும் மாறும். கையெழுத்து அந்தச் சாரத்தின் மேல்தான் போடப்படுகிறது. என் நண்பரின் டெண்டரில் 4,850 என்றிருந்த சாரத்துக்குத்தான் கையெழுத்து. 'அதை 8,450 என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல இங்கே இடமே இல்லை.

அடுத்த கேள்வி. 33, 3 என்று ஒருவன் வந்து 'இது இன்னார் பட்டறையின் பொதுச் சாவி' என்கிறான். அவன் வேறு யாரோவாக இருந்தால்? கணக்கு இதற்குப் பதில் சொல்லாது. இங்கேதான் சான்றிதழ் வருகிறது. இதை 1978இல் லோரன் கோன்ஃபெல்டர் என்ற மாணவர், எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் முன்வைத்தார். வங்கியில் இதற்கும் ஓர் அண்ணன் உண்டு. வேறு கிளை எழுதிய டிராஃப்ட் வந்தால், அதிலுள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்துப் புத்தகத்தில் ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்த அதிகாரியை நான் பார்த்ததே கிடையாது, புத்தகத்தை நம்புகிறேன். புத்தகத்தை ஏன் நம்புகிறேன்? தலைமை அலுவலகம் அனுப்பியது. டிஜிட்டல் சான்றிதழும் இதேதான். 'இந்தப் பொதுச் சாவி இன்னாருடையது, இந்தத் தேதி வரை செல்லும்' என்று எழுதி, சான்றளிக்கும் அமைப்பு தன் தனிச் சாவியால் கையெழுத்துப் போட்டுத் தருகிறது. அந்த அமைப்புக்கு யார் சான்று? நம் நாட்டில் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அமைந்த கட்டுப்பாட்டாளர். தலைமை அலுவலகம் மாதிரி அவர் உச்சியில் இருக்கிறார். உரிமம் பெற்ற அமைப்புகளின் சாவிகளுக்கு அவர் கையெழுத்துப் போடுகிறார். அவர்கள் நமக்குப் போடுகிறார்கள்.

வங்கித் தளத்துக்குப் போகும்போது நடப்பதும் இதுவே. தளம் தன் சான்றிதழைக் காட்டுகிறது. உலாவி அதைச் சரிபார்க்கிறது. பிறகு இரண்டும் பேசி அந்த உரையாடலுக்கு மட்டும் ஒரு பொதுவான ரகசியச் சாவியைச் செய்துகொள்கின்றன. ஆர்.எஸ்.ஏ. கணக்கு மெதுவானது என்பதால் மற்ற பேச்செல்லாம் அந்தச் சாவியில்தான். ஆக, என் தந்திப் புத்தகம் சாகவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை புதிதாக அச்சாகிறது! முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் ஒன்று இருந்ததல்லவா? அதைப் பார்த்தால் தளம் யோக்கியமானது என்று ஜனங்கள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று 2023இல் குரோம் உலாவி அதையே எடுத்துவிட்டது. வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் பூட்டு. மறுமுனையில் இருப்பவன் திருடனா என்பது பூட்டுக்குத் தெரியாது.

சான்று கொடுப்பவரிடமே தவறு நடந்தால்? நடந்திருக்கிறது. 2014 ஜூலையில் கூகுள் நிறுவனம், தன் தளங்களின் பெயரில் தனக்குத் தெரியாமல் சான்றிதழ்கள் இருப்பதைக் கண்டது. கொடுத்திருந்தது நம் நாட்டின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவு. கட்டுப்பாட்டாளர் மறுநாளே அந்தப் பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். வழங்கும் முறைக்குள்ளேயே ஊடுருவல் நடந்திருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. அதன் பிறகு குரோம், நம் நாட்டின் உச்சிச் சான்றை அரசுத் தளங்கள் முதலிய சில பெயர்களுக்கு மட்டுமே ஏற்பேன் என்று சுருக்கிவிட்டது. நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்ற சான்றளிக்கும் நிறுவனம் 2011இல் இதேபோல் ஊடுருவலுக்கு ஆளாகி, அந்த ஆண்டே திவாலானது. 2018 முதல், தளங்களுக்குக் கொடுக்கும் புதிய சான்றிதழ்கள் எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏறியிருந்தால்தான் குரோம் ஏற்கும்.

இனி நண்பரின் டெண்டருக்கு வருகிறேன். அதில் நான் மிகவும் ரசித்தது ஒன்று உண்டு. முன்பெல்லாம் டெண்டர் என்றால் அரக்கு முத்திரை வைத்த உறை. இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி. ஆனாலும் உறையை நீராவியில் காட்டிப் பிரித்த கதைகள் எத்தனை கேட்டிருக்கிறோம்! இணைய டெண்டரில், திறக்க வேண்டிய அதிகாரிகளின் பொதுச் சாவிகளைக் கொண்டு விலைப்பட்டியல் பூட்டப்படுகிறது. குறித்த நேரத்துக்குப் பிறகு, நியமிக்கப்பட்டவர்களில் குறைந்தது இருவர் தங்கள் டோக்கனைச் செருகினால்தான் திறக்கும். எங்கள் இரட்டைச் சாவிப் பெட்டியேதான்! அந்தப் பக்கம் இவ்வளவு ஏற்பாடு. இந்தப் பக்கம் நம் ஆள், இழுப்பறையில் டோக்கன், அதன் முதுகில் ஒட்டிய காகிதத்தில் ரகசிய எண். எண் என்ன தெரியுமா? விற்கும்போதே வைத்திருந்த 12345678.

டோக்கனைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெறும் பென் டிரைவ் இல்லை. தனிச் சாவி அதற்குள்ளேயே பிறக்கிறது. வெளியே எடுக்கவோ நகல் எடுக்கவோ முடியாது. எண்ணைச் சில தடவை தப்பாகத் தட்டினால் பூட்டிக்கொள்ளும். அதனால் தூரத்திலிருந்து ஒருவன் சாவியைத் திருடுவது மிகக் கடினம். கையில் டோக்கனும் எண்ணும் இருப்பவனோ எதையும் திருட வேண்டியதே இல்லை. அவன் போடுவது கள்ளக் கையெழுத்துமல்ல. கணக்கின் கண்ணுக்கு அது நண்பரின் அசல் கையெழுத்து. பேனாவால் போட்டிருந்தால் நிபுணர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, சுழி வேறு, அழுத்தம் வேறு என்பார். இங்கே சுழியும் இல்லை, அழுத்தமும் இல்லை.

"அப்போ சட்டம் என்னதான் சொல்லுது சார்?" என்று கேட்டார் நண்பர். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவைப் படித்துக் காட்டினேன். சான்றிதழ் பெற்றவர் தனிச் சாவியைத் தக்க கவனத்துடன் தன் வசத்தில் வைத்திருக்க வேண்டும். அது கைமீறியது தெரிந்தால் உடனே சான்றளித்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் வரை பொறுப்பு அவருடையதே. பிறர் கையெழுத்தை மோசடியாகப் பயன்படுத்துபவருக்கு 66-சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. ஆனால் அந்தப் பையன் மோசடி எங்கே செய்தான்? சொன்ன வேலையைச் செய்தான், விரல் தடுமாறியது. நண்பர் சற்று நேரம் பேசவில்லை.

"மூணு வருசம் முன்னால செல்போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, பேரைச் சொல்லுங்கன்னான். சொன்னேன். இருபது செகண்டு. அதுதானா சார் இது?" என்றார். அதுதான். விண்ணப்பிப்பவர் நிஜமான ஆள்தானா என்று பார்க்க எடுக்கும் வீடியோ அது. அதில் தான் எதைப் பெற்றுக்கொள்கிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் சங்கத்திலேயே எத்தனை பேருடைய டோக்கன்கள் ஆடிட்டர் ஆபீசில் பெயர் எழுதி ஒரு டப்பாவில் கிடக்கின்றன என்று அன்றைக்குக் காப்பிக் கோப்பையோடு விசாரித்தேன். கம்பெனி வைத்திருக்கும் ஏழு பேரில் ஆறு பேர்! 'அவர் இருபது வருசப் பழக்கம்' என்றார்கள். இருபது வருடப் பழக்கமுள்ள ஆடிட்டரிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தைக் கொடுத்து வைப்பீர்களா என்று கேட்டேன். ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் சிரிக்கவில்லை.

மறுநாள் நண்பரும் நானும் உட்கார்ந்து பழைய சான்றிதழை ரத்து செய்யச் சான்றளித்த அமைப்புக்கு விண்ணப்பித்தோம். ரத்தானவற்றின் எண்களை அந்த அமைப்பு பட்டியலாக வெளியிடும். சரிபார்ப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற அதிகாரியின் கையெழுத்தைப் புத்தகத்தில் அடிக்கச் சொல்லி எங்களுக்குச் சுற்றறிக்கை வருமே, அது போல. ஆனால் ரத்து, முன்னால் போட்ட கையெழுத்தை அழிக்காது. ஓராண்டுத் தடை அப்படியேதான் இருக்கிறது. மேல்முறையீடு எழுதிப் போட்டிருக்கிறோம். எனக்கு அதிக நம்பிக்கையில்லை. பட்டறையில் இரண்டு பேரை நிறுத்தும்படி ஆயிற்று.

புதிய டோக்கன் பத்து நாளில் வந்தது. இம்முறை வீடியோவில் பெயர் சொல்லும்போது நண்பர் கொஞ்சம் நிதானமாகவே சொன்னார். வேறொரு துறையின் சிறிய டெண்டரைத் தன் பட்டறைக் கம்ப்யூட்டரிலேயே ஏற்றினார். விலையைத் தட்டி, காகிதத்தில் எழுதி வைத்திருந்ததோடு ஒப்பிட்டு, மனைவியை ஒரு தடவை உரக்கப் படிக்கச் சொல்லி, பிறகுதான் கையெழுத்து. இரண்டரை மணி நேரம் பிடித்தது.

அதற்கு முன்பே, புதிய ரகசிய எண்ணை வைக்கச் சொல்லி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் தட்டி முடித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "சார், எண்ணைச் சொல்லுதேன், நீங்க எங்கயாவது எழுதி வச்சிக்கிடுங்க. எனக்கு மறந்து போயிரும்லா" என்றார்.

காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டேன்.